கரையிலிருந்து தூண்டில் வீச: ராடு தேர்வும் வீசும் முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ நீள ராடோடு நின்றால் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். "அண்ணா, இது எவ்வளவு தூரம் போகும்?" என்று பேச்சு தொடங்கும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கான பதில்கள் இவை. மணல் கரையில் நின்று, ஈயம் கட்டி, இரை வீசிக் காத்திருக்கும் பிடிப்பைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. படகு, ஆற்று மிதவை, குளத்து விரால் எல்லாம் வேறு கதை.

முதல் ராடு வாங்கப் போகிறேன். எத்தனை அடி வாங்கலாம்?

12 அடி, அதாவது சுமார் 3.6 மீட்டர். பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கடலூர், புதுச்சேரி மணல் கரைகளில் பல இடங்களில் அலை காலடியிலேயே உடைகிறது. ராடை மணலில் நட்டு வைத்த பிறகு நரம்பு, அதாவது தூண்டில் நூல், அந்த முதல் நுரைக்கு மேலே தூக்கி நிற்க வேண்டும். இல்லையென்றால் வரும் ஒவ்வோர் அலையும் நரம்பை இழுத்து, கடலடியில் கிடக்கும் ஈயத்தைக் கிளப்பிவிடும். அதற்குத்தான் உயரம் தேவை. 7 அடி ராடு துறைமுகச் சுவரிலும் கழிமுகத்து ஓரத்திலும் நன்றாக வேலை செய்யும். கடலூர் பக்கத்துத் தாழங்குடா மணலில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

14 அடி வாங்கினால் இன்னும் தூரம் போகாதா என்று உடனே அடுத்த கேள்வி வரும். அதை அதே வேகத்தில் சுழற்ற முடிந்தவருக்குப் போகும். ராடு நீள நீள நுனி அதிக தூரம் பயணிக்கிறது, சரி. ஆனால் அதைச் சுழற்றத் தேவையான பலமும் கூடுகிறது. நடுத்தர உடம்புள்ள ஒருவர் 14 அடியைப் பாதி வேகத்தில் தள்ளுவதைவிட 12 அடியை முழு வேகத்தில் அடித்தால் ஈயம் தூரம் போகும். உயரம் குறைந்தவர்கள், தோள் வலி உள்ளவர்கள் 10 அல்லது 11 அடியில் தொடங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ராடில் "100–200 கிராம்" என்று எழுதியிருக்கிறதே, அது என்ன கணக்கு?

அந்த ராடு வீசக்கூடிய எடை. நீளத்தைவிட இந்த எண்தான் முக்கியம் என்பேன். ஆனால் கடையில் இதை யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் அடியைத்தான் கேட்கிறார்கள்.

ஈயம், தூண்டில் முள், இரை எல்லாம் சேர்ந்த எடை அது. 200 என்று போட்டிருந்தால் 200 கிராமைக் கட்டி முழுப் பலத்தோடு அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அது மேல் வரம்பு. 100–200 ராடு 130, 140 கிராம் அளவில்தான் நன்றாக வளைந்து கொடுக்கும். கீழ் வரம்பும் அதே அளவுக்கு முக்கியம். அந்த ராடில் 60 கிராம் கட்டி வீசினால் ராடு வளையாது, வளையாத ராடு வெறும் கம்பு. வளைந்து நிமிரும்போதுதான் அது ஈயத்தைத் தள்ளுகிறது.

சில ராடுகளில் கிராம் இருக்காது. பிரிட்டிஷ் பாணியில் "4–6 அவுன்ஸ்" என்றிருந்தால் 113 முதல் 170 கிராம். ஜப்பானிய ராடுகளில் "27-405" என்பது போல இருக்கும். முதல் எண் ஈயத்தின் ஜப்பானிய அளவு, அதை 3.75-ஆல் பெருக்கினால் கிராம் வரும், 27 என்றால் சுமார் 100. இரண்டாவது நீளம், 4.05 மீட்டர்.

கடல் அமைதியாக இருக்கும் நாளில் இங்கே 100, 115 கிராம் ஈயம் நிற்கும். நீரோட்டம் இழுக்கும் நாளில் 140, 150 தேவைப்படும். இந்த இரண்டையும் சமாளிக்க 100–200 போட்ட ராடு சரியாக இருக்கும்.

கார்பனா, கிளாஸ் ஃபைபரா?

கிளாஸ் கனம், மெதுவாக நிமிரும், ஆனால் அடி தாங்கும். கார்பன் லேசானது, சட்டென்று நிமிரும், நுனியில் மீன் தொடுவது நன்றாகத் தெரியும். ஆனால் கருங்கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அடுத்த வீச்சில் அந்த இடத்தில் முறியும். இரண்டும் கலந்த ராடுகளும் உண்டு. முதல் ராடுக்கு அந்தக் கலப்பு வகை போதும். வீச்சு பிடிபட்ட பிறகு கார்பனுக்குப் போகலாம்.

"30 டன் கார்பன், 40 டன் கார்பன்" என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் நாரின் விறைப்பைக் குறிக்கிறது, ராடின் பலத்தை அல்ல. விறைப்பு கூடக்கூட ராடு நொறுங்கும் தன்மையும் கூடும். பழகாத கைக்கு அது ஆகாது.

டெலஸ்கோப்பிக் வாங்கலாமா? பைக்கில் கொண்டுபோக வசதியாக இருக்குமே.

வசதிதான். ஆனால் மணலும் உப்பும் அந்த மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் நீட்டிய ராடு மடங்காது, அல்லது வீசும்போது ஒரு கணு சுழன்று நரம்பு வளையங்கள் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும். பஸ்ஸில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை என்றால் வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு: மூன்று துண்டு ராடு. 12 அடி ராடு ஒவ்வொரு துண்டும் நாலே கால் அடிக்குள் அடங்கும், பைக்கில் முதுகோடு கட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் போகலாம். கார் உள்ளவர்கள் இரண்டு துண்டு வாங்கட்டும்.

கடையில் ராடைக் கையில் கொடுக்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மாட்டச் சொல்லுங்கள். துண்டு துண்டாக ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கக் கூடாது. இணைப்பில் ஒரு துண்டு மற்றொன்றுக்குள் போகும்போது உராய்வு சீராக இருக்க வேண்டும். பாதி வழியில் தளர்ந்து, கடைசியில் மட்டும் இறுகினால் வேண்டாம். மாட்டிய பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, ராடே ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து வளையங்களுக்குள் இருக்கும் பீங்கான் வட்டம். ஒரு துண்டுப் பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றித் தேயுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அது பிரெய்டு எனும் பின்னல் நரம்பை ஒரே நாளில் அறுத்துவிடும். வளையச் சட்டத்தின் காலடியில், நூல் சுற்றிய இடத்தில், துரு நிறம் தெரிந்தாலும் அந்த ராடை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கடையில் இருக்கும்போதே துருவென்றால் கடலில் என்ன ஆகும்?

கடைசியாக, நரம்பைச் சுற்றும் ரீலை மாட்டும் இடம். வலது கையை அங்கே வைத்து, இடது கையை ராடின் அடிக்கட்டையில் வையுங்கள். இரண்டு கைக்கும் நடுவே உங்கள் தோள் அகலமோ அதைவிடச் சற்று அதிகமோ இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ராடு உங்கள் கைக்கு நீளம். உயரம் குறைந்தவர்கள் 12 அடி ராடோடு சிரமப்படுவது பல நேரம் இதனால்தான்.

ரீல் எந்த அளவு? காசை எதில் அதிகம் போடுவது?

5000 முதல் 8000 வரை எண் போட்ட ஸ்பின்னிங் ரீல். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் மாறும் என்பதால், 0.35 மி.மீ. நரம்பு 200 மீட்டர் தாராளமாகக் கொள்கிறதா என்று ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், எழுதியிருப்பதைப் பாருங்கள்.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ரீலில் போடுங்கள். சுமாரான ராடு பல வருடம் உழைக்கும். சுமாரான ரீல் உப்புத் தண்ணீர் பட்ட ஒரு சீசனுக்குள் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

நரம்பா, பிரெய்டா?

தொடங்குகிறவர்களுக்கு சாதாரண நரம்புதான், அதாவது நைலான் தங்கூஸ், 0.33 முதல் 0.37 மி.மீ. வரை. சிக்கினால் பிரிக்கலாம், விரலை அறுக்காது, விலையும் குறைவு. பிரெய்டு அதே பலத்துக்கு மிக மெல்லியதாக இருப்பதால் காற்றில் இழுபடாது, தூரம் நிச்சயம் கூடும். நீளாது என்பதால் மீன் தொட்டதும் தெரியும். ஆனால் ஸ்பூலில் தளர்வாகச் சுற்றிவிட்டால் அடுத்த வீச்சில் கொத்தாகக் கிளம்பி வளையத்தில் முட்டி நிற்கும். அந்தச் சிக்கைப் பிரிப்பதைவிட வெட்டிப் போடுவது மேல். பேத்தை மீன்கள் சுற்றும் இடத்தில் அவற்றின் பல் பட்டாலும் பிரெய்டு போய்விடும்.

எதைப் போட்டாலும் ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரப்புங்கள். பாதி நிரம்பிய ஸ்பூலில் நரம்பு விளிம்பில் உரசிக்கொண்டே வெளியேறும். தூரம் குறைவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். புது ராடு வாங்குவதற்கு முன்னால் ஸ்பூலைப் பாருங்கள்.

முன்னால் தடித்த நரம்பு கட்டுகிறார்களே, அது அவசியமா?

கட்டாயம். இதில் பேரம் இல்லை.

வீசும் கணத்தில் 115 கிராம் ஈயம் நரம்பின் மேல் தன் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பைப் போடுகிறது. மெல்லிய நரம்பு அங்கே அறுந்தால் ஈயம் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அது யார் தலையில் விழும்?

கணக்கு எளிது: ஈயத்தின் ஒவ்வோர் அவுன்ஸுக்கும் 10 பவுண்டு பலமுள்ள லீடர், அதாவது அந்தத் தடித்த முன் நரம்பு. ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம். 4 அவுன்ஸ் ஈயத்துக்கு 40 பவுண்டு, 5 அவுன்ஸுக்கு 50. நீளம் ராடைப் போல இரண்டு மடங்கு. அப்போதுதான் ஈயம் தொங்கும் நிலையிலும் லீடர் ஸ்பூலில் ஐந்தாறு சுற்றாவது இருக்கும். வீச்சின் அழுத்தம் முழுக்க அந்தச் சுற்றுகளில் விழும், மெல்லிய நரம்பில் விழாது. இணைக்கும் முடிச்சு சின்னதாக இருக்கட்டும். நைலானுக்கு நைலான் என்றால் டபுள் யூனி முடிச்சு, பிரெய்டுக்கு எஃப்.ஜி. முடிச்சு.

சரி, எப்படித்தான் வீசுவது? எவ்வளவு பலம் போட்டாலும் 40, 50 மீட்டரைத் தாண்டவில்லை.

பலத்தைக் குறையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொடக்கத்திலேயே முழுப் பலத்தைப் போட்டால் ராடு முன்கூட்டியே வளைந்து, ஈயம் விடுபடும் நேரத்தில் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஈர வேட்டியை உதறும்போது கை மெதுவாகத் தொடங்கி முடிவில் வெட்டுமே, அந்த வேகம்தான் இங்கேயும் வேண்டும்.

வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ரீலின் டிராகை, அதாவது ஸ்பூல் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் திருகை, நன்றாக இறுக்குங்கள். வீசும்போது ஸ்பூல் வழுக்கினால் நரம்பு விரலை அறுக்கும். நுனியிலிருந்து ஈயம் வரை நான்கு அடி தொங்கவிடுங்கள். இரண்டு அடியில் தொங்கவிட்டு வீசுவதுதான் பெரும்பாலானோர் பழக்கம். அதில் ராடு சரியாக வளையவே வளையாது. வலது கை ரீல் மேல், ரீலின் காம்பு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில். ஆள்காட்டி விரலால் நரம்பைத் தூக்கி ராடோடு அழுத்திக்கொண்டு, ரீலில் நரம்பைப் பிடித்து நிற்கும் பெயில் கம்பியைத் திறங்கள். விரலுக்குத் தோல் உறை ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பழைய கையுறையிலிருந்து ஒரு விரலை வெட்டிக்கொண்டாலும் ஆச்சு.

கடலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், இடது தோள் கடலைப் பார்க்க. எடை முழுக்க வலது காலில். ராடை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய், ஈயம் ஆடாமல் நிற்கும் வரை பொறுங்கள். ஆடுகிற ஈயத்தோடு தொடங்கினால் ராடு வளைவது ஒரு பக்கம், ஈயம் போவது ஒரு பக்கம். இப்போது தலையை மட்டும் திருப்பி, தொடுவானத்துக்கு மேலே, வானத்தில் பாதி உயரத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள். தண்ணீரைப் பார்க்காதீர்கள். கண் எங்கே போகிறதோ ஈயமும் அங்கேதான் போகும்.

முதலில் இடுப்பு திரும்பட்டும், பிறகு தோள், கடைசியில் கை. எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறும்போது ராடு தானாகவே பின்னாலிருந்து இழுபட்டு வரும். தலைக்கு மேலே வந்ததும் வலது கை மேல்நோக்கி முன்னே தள்ளும், இடது கை அடிக்கட்டையை விலாவை நோக்கி வெட்டி இழுக்கும். இந்த இடது கையைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. வலது கை மட்டும் தள்ளினால் ராடு ஒரு கம்பைப் போல முன்னால் விழும். இடது கை இழுக்கும்போதுதான் நுனி விசிறும். நான் யாருக்காவது ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்.

விரலை எப்போது விடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நினைத்து விட முடியாது, நேரம் போதாது. ராடு தலையைத் தாண்டி முன்னே வரும்போது ஈயத்தின் இழுப்பு விரலில் உச்சத்துக்கு ஏறும். அங்கே விரல் நிமிர வேண்டும். விட்ட பிறகு ராடை நிறுத்தி, ஈயம் போகும் திசையில் சுமார் 45 பாகையில் காட்டிக்கொண்டிருங்கள். ராடு நுனி தண்ணீர் வரைக்கும் கீழே போனால் நரம்பு வளையங்களில் உரசி வேகம் குறையும்.

ஈயம் எங்கே போகிறது என்பதை வைத்துத் தவறைக் கண்டுபிடிக்கலாமா?

நன்றாகவே கண்டுபிடிக்கலாம். நேர் மேலே ஏறிப் பக்கத்தில் விழுந்தால் விரலைச் சீக்கிரம் விட்டீர்கள். முன்னால் தண்ணீரில் அறைந்தால் தாமதம். வலது கைக்காரரின் ஈயம் எப்போதும் இடப்பக்கமே போனால், ராடு தலைக்கு மேலே வராமல் பக்கவாட்டில் சுற்றி வருகிறது, அல்லது இடது கால் தவறான திசையைக் காட்டுகிறது. பெயில் கம்பி நடுவழியில் தானாக மூடி அறுந்தால், பலத்தைத் தொடக்கத்திலேயே போட்டுக் குலுக்குகிறீர்கள் என்று அர்த்தம். சில ரீல்களில் அது ரீலின் குறையாகவும் இருக்கும். ஈயம் நன்றாகப் போகிறது, ஆனால் முள்ளில் இரை இல்லை என்றால் வீச்சில் தப்பில்லை, இரையை எலாஸ்டிக் நூலால் சுற்றிக் கட்டுங்கள். மத்தித் துண்டும் உரித்த இறாலும் கட்டாமல் நிற்காது. கணவாய் நிற்கும்.

தரையில் ஈயத்தை வைத்து வீசுகிறார்களே, அது என்ன? பெண்டுலம் வீச்சு கற்கலாமா?

தரை வீச்சில் ஈயத்தைப் பின்னால் மணலில் வைத்து, நரம்பு விறைப்பாக இருக்க, ராடைத் தாழப் பிடித்துத் தொடங்குகிறார்கள். ஈயம் ஆடவே ஆடாது, ராடு நீண்ட வட்டத்தில் வரும். முன்பு சொன்ன மேல்வீச்சு, அதாவது தலைக்கு மேலாக வீசுவது, கைக்கு வந்த பிறகு அடுத்த படி இதுதான், தூரத்தில் வித்தியாசம் உடனே தெரியும். ராடு நுனியிலிருந்து ஈயம் வரையிலான நீளத்தை ஆறேழு அடியாகக் கூட்ட வேண்டும். சமமான ஈர மணல் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கற்களில் நின்று இதற்கு வழியே இல்லை, அங்கே மேல்வீச்சுதான்.

பெண்டுலம் என்பது ஈயத்தை முன்னும் பின்னும் ஊசலாடவிட்டு அந்த வேகத்தையும் சேர்த்து அடிப்பது. புல்வெளிப் போட்டிகளில் வெறும் ஈயத்தோடு 250 மீட்டரைத் தாண்டுவது இந்த வீச்சில்தான். மீன்பிடிக்க அது தேவையில்லை. சுற்றிலும் ஆள் இல்லாத இடம், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவது, இந்த இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள்.

உண்மையில் எவ்வளவு தூரம் வீசினால் மீன் கிடைக்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பலர் 100 மீட்டர் வீசி, மீன் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

வீசுவதற்கு முன் சற்று உயரமான மணலில் நின்று அலையைப் பாருங்கள். வெள்ளையாக உடையும் கோடு இருக்கும் இடத்தில் அடியில் மணல் திட்டு. அதற்கும் கரைக்கும் நடுவே அலை உடையாமல், சற்றுக் கருத்த, தட்டையான தண்ணீர் தெரியும். அது பள்ளம். அலை கிளறிவிடும் நண்டுப் பூச்சியும் புழுவும் வந்து சேருமிடம் அது. கிழங்கான், கெளிறு, காலா எல்லாம் அங்கேதான் மேயும். பல நாள் அந்தப் பள்ளம் 30, 40 மீட்டரிலேயே இருக்கும். கிழங்கானுக்கு அதுவும் அதிகம், முழங்கால் ஆழத்துக்குச் சற்று வெளியே போட்டாலே போதும். திட்டுக்கு அப்பால் போட வேண்டிய நாட்களும் உண்டு, குறிப்பாகத் திருக்கைக்கும் பெரிய பாறை மீனுக்கும். அந்த நாட்களுக்காகத்தான் தூரம் பழகுவது.

இந்தக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அதனால் பள்ளத்தை நேரில் பார்க்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர் நன்றாக வற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி பாருங்கள். பழைய திட்டு பழைய இடத்தில் இருக்காது. மழைக்காலத்தில் தென்பெண்ணை தாழங்குடாவிலும், சுண்ணாம்பாறு பாரடைஸ் கடற்கரைப் பக்கமும் கலங்கல் நீரைக் கொண்டுவந்து தள்ளும்போது, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் போடுங்கள். அங்கே வரும் கொடுவா மீனுக்கு நூறு மீட்டர் வீச்செல்லாம் வேண்டியதில்லை.

ஈயம் ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே போகிறது. என்ன செய்வது?

கரையோர நீரோட்டம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அது வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். புதுச்சேரி துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்ததால்தான் நகரின் மணல் கரை அரித்துப் போய்க் கருங்கல் கொட்ட வேண்டி வந்தது. ஒரு ஊரின் கடற்கரையையே எடுத்துக்கொண்டு போன ஓட்டம் உங்கள் ஈயத்தைச் சும்மா விடுமா?

உருண்டை ஈயத்தை விட்டுவிட்டு பிரமிடு வடிவத்துக்கு மாறுங்கள், மணலில் குத்தி நிற்கும். அதுவும் நகர்ந்தால் நான்கு கம்பிக் கால் வைத்த ஈயம்; இழுக்கும்போது கம்பிகள் மடங்கிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். எடையைக் கூட்டுவது கடைசி வழி. ஓட்டம் வரும் திசையில் சற்று மேலே வீசி, நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி வில் போல விடுவதும் உதவும்.

எதிர்க்காற்றில் எப்படி வீசுவது?

கோடையில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று முகத்தில் அடிக்கும், மழைக்காலத்தில் நாள் முழுக்க வாடைக்காற்று. தாழ்வாக வீசுங்கள், இரையைச் சின்னதாக்குங்கள், முள்ளை ஈயத்துக்குப் பின்னால் கிளிப்பில் மாட்டிவிடுங்கள். தொங்கும் இரை காற்றில் சுழன்றால் பாதித் தூரம் அங்கேயே போய்விடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும். தூரம் பழகுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

எங்கே, எப்படிப் பழகுவது?

முள் இல்லாமல், வெறும் ஈயத்தோடு, ஆள் நடமாட்டமில்லாத கரையில், காலை நேரத்தில். மீன் பிடிக்கும் ஆசை இருக்கும் வரை வீச்சில் கவனம் போகாது. நரம்பில் 50 மீட்டருக்கு ஒரு முறை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவர் சொல்லும் தூரத்தில் எப்போதும் ஒரு தாராளம் இருக்கும். பாதிப் பலத்தில் நேராகப் போகும் வரை கூட்ட வேண்டாம்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்?

வீசும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும்: இடி மின்னல் கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள், மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். இன்னும் பத்து மீட்டர் கிடைக்கும் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசுவது இந்தக் கரையில் வேண்டாத வேலை. பள்ளம் சட்டென்று இறங்கும், திட்டுகளுக்கு இடையே வெளியே இழுக்கும் ஓட்டம் நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோகும்.

கெளிறு மீனின் முள்ளோ திருக்கை வாலின் முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி நேரமாவது வைத்திருங்கள், வலி குறையும். பிறகு மருத்துவமனை. பேத்தை மீன் மாட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

தடைக்காலத்தில் கரையில் நின்று பிடிக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று ராடு போடுவதற்கு அது பொருந்தாது. துறைமுக வளாகத்துக்குள் நுழைவது வேறு விஷயம், அங்கே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது பக்கத்தில் வீசலாமா?

கூடாது. வலை வளைத்திருக்கும் பகுதிக்குள் உங்கள் முள் போனால் அவர்கள் வலையைத்தான் கிழிக்கும். நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் போங்கள், அல்லது வலை ஏறும் வரை காத்திருங்கள். "அண்ணே, இன்னைக்கு தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதிலுக்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. கட்டுமரமும் ஃபைபர் போட்டும் கரையேறும் பாதையிலும் ராடை நடாதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் போகிறவர்களுக்கு இன்னொன்று. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள், அறுந்த நரம்பை மணலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராடை எப்படிப் பராமரிப்பது?

நல்ல தண்ணீரில், மெதுவான ஓட்டத்தில் கழுவுங்கள். ரீலை வாளியில் முக்காதீர்கள், வேகமான குழாயிலும் காட்டாதீர்கள். உப்பு உள்ளே போய்விடும். வளையங்களின் காலடியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். துண்டுகளைப் பிரித்து நிழலில் காய வைத்துவிட்டு உறையில் போடுங்கள். இணைப்பில் சாதாரண மெழுகுவத்தியை லேசாகத் தடவினால் வீசும்போது கழன்று பறக்காது, மணலில் இறுகியும் போகாது. டிராக் திருகைத் தளர்த்தி வையுங்கள்.

பத்து வயது மகனும் வருகிறேன் என்கிறான். அவனுக்கு எந்த ராடு?

8 அல்லது 9 அடி, 40–80 கிராம் போட்டது, 3000 அல்லது 4000 ரீல். 50 கிராம் ஈயமும் சின்ன முள்ளும், உரித்த இறால் ஒரு துண்டும் போதும். கிழங்கான் இருக்கும் காலையில், முதல் பள்ளத்தில் போடச் சொல்லுங்கள். பெரியவர்களைவிட அவனுக்கு அதிகம் விழுந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் பக்கத்திலேயே போடுகிறான்.